தொடாத பட்டைகளுக்குக் காத்திருந்த போர்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை அடுப்படியில், நுரை கம்பியைத் தொட்டதும் எச்சரிக்க நான் செய்து கொடுத்த எலக்ட்ரானிக் போர்டு, பால் பொங்கி வழிந்த பிறகுதான் மணி அடித்தது. மாஸ்டர் கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், பொங்குன பொறவு மணி அடிச்சு என்ன செய்ய? அதுக்கு என் கண்ணு போதாதா?"

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அந்த போர்டுக்கு நான் புதிதாகப் புரோகிராம் எழுதவில்லை. நாலு நாளைக்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு எழுதியதை அப்படியே ஏற்றியிருந்தேன். சோம்பேறித்தனம்தான், மறைக்க என்ன இருக்கிறது. இங்கே போனது பால். அங்கே, துணி சுருட்டும் மெஷினின் இரண்டு உருளைகளுக்கு முன்னால், என் மதினியின், அண்ணன் மனைவியின், விரல்கள் இருந்தன.

அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததே மதினிதான். உருளை வாயில் நாலு ரப்பர் பட்டைகளை ஒட்டினேன். கை அழுத்தினால் பட்டையின் மின்தடை குறையும். போர்டு மெஷினை நிறுத்தும். முதல் நாள் துணி உரசினாலே மெஷின் நின்றது. முதலாளி முகம் சுளித்தார். போர்டு ஒவ்வொரு பட்டையையும் பதினாறு தடவை அளந்து சராசரி எடுக்கும்படி மாற்றினேன். எண் ஆடாமல் அசையாமல் நின்றது. பெருவிரலால் பட்டையை அழுத்திப் பிடித்துக் காட்டினேன், மெஷின் நின்றது, எல்லோருக்கும் திருப்தி. எங்கள் தொழிலில் வழக்கமாக நடக்கும் தப்பு அது. சோதிக்கிறவன் விரலை எடுக்கவே மாட்டான். உருளை இழுக்கிற விரல் அப்படி நின்று நிதானமாக அழுத்துமா?

அடுப்படி வாசலில் நின்று ஒரு பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பட்டை வழியாகவும் கரண்ட்டைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டருக்குக் கரண்ட் ஏறும். அது நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று போர்டு எண்ணும். அழுத்திய பட்டை சட்டென்று நிறைத்துவிடும். யாரும் தொடாத பட்டைதான் இழுஇழு என்று இழுக்கும். நான் ஒன்றன்பின் ஒன்றாக, நிறையும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தேன். சும்மா கிடக்கிற மூன்று பட்டைகளுக்காக, அதுவும் பதினாறு தடவை. கூட்டிப் பார்த்தால் ஒரு விநாடிக்கும் மேலே போனது. அதற்குள் உருளை விரலை முழுதாக இழுத்திருக்கும்.

மதினிக்கு போன் அடித்தேன். மெஷின் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்தும் மூன்று முறை அடித்தேன். முதலாளியும் எடுக்கவில்லை. பைக்கைக் கிளப்பினால் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, முந்த விடாமல் ஊர்ந்தது. ஓட்டுகிறவனை வாய்விட்டே திட்டினேன். "இனி பயப்படாம வேலை பாருங்க மதினி" என்று நான் சொன்னது காதுக்குள் கேட்டபடியே வந்தது. பயம் இருந்தாலாவது கை தள்ளியே இருந்திருக்கும்.

உள்ளே நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மதினி துணியின் சுருக்கத்தை உருளை வாய்வரை வெறுங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"மதினி, கைய எடுங்க! மெஷின நிறுத்துங்க!"

முதலாளி ஓடி வந்தார். "நல்லாத்தானப்பா ஓடுது? நாலு நாளா ஒரு தடவகூட நிக்கலயே."

வாயால் சொன்னால் அவருக்குப் புரியாது. மெஷினை மறுபடி ஓடவிட்டு, மதினியின் காய்கறிப் பையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்தேன். பட்டையில் அழுந்தும்படி உருளைக்குள் நுழைத்தேன். அது சப்பையாக மறுபக்கம் வந்து விழுந்தது. மெஷின் நிற்கவே இல்லை. சுவிட்சை நான்தான் அணைத்தேன். வெள்ளைத் துணியில் நீளமாகப் பச்சைக் கறை.

அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். எவ்வளவு அழுத்தம் என்று எனக்கு எதற்கு? கை இருக்கிறதா, இல்லையா? அது போதும். நாலு பட்டைகளையும் ஒரே நேரத்தில் தொடங்கிவைத்து, கண் இமைப்பதில் ஒரு சிறு பங்கு நேரம் மட்டும் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குள் எது நிறைந்ததோ அங்கே கை. துணி உரசினால் அதற்குள் நிறையாது. சராசரியைத் தூக்கிப்போட்டேன்; அடுத்தடுத்து இரண்டு முறை நிறைந்தால் நிறுத்திவிடும். அடுத்த வெண்டைக்காய் உருளையைத் தொடும் முன்பே மெஷின் நின்றது. நம்பிக்கை வராமல் இன்னும் ஐந்து காய் விட்டுப் பார்த்தேன்.

மதினி ஸ்டூலில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பாத்துக்கிடும்னு நெனச்சுத்தான தம்பி, அம்புட்டுக் கிட்டக்க கைய விட்டேன்."

"தப்பு என்னோடதுதான் மதினி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதீக. வேலைக்கே போகாதன்னுருவாக."

சொல்லவில்லை. அண்ணன் இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், தம்பி செய்த போர்டு இருக்கையில் அவளுக்கு என்ன பயம் என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார். அப்போது மதினி என் பக்கம் திரும்புவதில்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன்.