சம்பங்கி என்று நட்டது

என் கணவருக்கு நூல் மில்லில் நைட் ஷிப்ட். ராஜபாளையத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் பகலில் தூங்குகிறவர் ஒருவராவது இருப்பார். எங்கள் தெருவுக்குள் வரும்போது காய்கறி வண்டிக்காரர்கூட ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். ஆனால் வெயிலைக் குறைக்க ஆளில்லை. மதியம் திரும்பியதும் மேற்கு ஜன்னல் வழியாக அது நேரே கட்டிலில் ஏறிவிடும். திரை போட்டால் காற்று நின்று புழுங்கும்.

இந்த நிலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, மாத்திரை இருக்கட்டும், முதலில் நல்ல தூக்கம் வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் என் கணவர் அதை மறந்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு ஜன்னலைக் கொடி மூடியிருந்தது. வாசலில் நின்ற அந்த வீட்டு அம்மாவிடம் என்ன கொடி என்று கேட்டேன். கொடிச் சம்பங்கி என்றார். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

காகிதப்பூ வைக்கலாமே என்றார்கள். முள் குத்தும், ஜன்னலைத் திறக்க முடியாது. மனோரஞ்சிதம் என்றதும் பாம்பு வரும் என்று தெருவே திரண்டு வந்து பயமுறுத்தியது. ரங்கூன் மல்லி எனக்கே பிடிக்கவில்லை, காரணம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சம்பங்கி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள்.

“சம்பங்கியா? சோழபுரத்துல எங்க அண்ணன் தோட்டத்துல கன்னு எம்புட்டோ கெடக்கு. கொண்டாரேன்” என்றார்.

கன்று வந்தது. ஜன்னலுக்கு நேர்கீழே, சுவரை ஒட்டி நட்டேன். ஜன்னல் கம்பியிலிருந்து கயிறு கட்டி அதன் கைக்கு எட்டும்படி தொங்கவிட்டேன். அது ஏறவில்லை. சணல் கயிறு பிடிக்கவில்லையோ என்று நைலான் கயிறு மாற்றினேன். தண்டை வளைத்துக் கட்டினேன். மறுநாளே நுனி நிமிர்ந்துகொண்டது. நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்ப்பேன். இலையைப் படம் எடுத்தால் போனே பேர் சொல்லும் என்றார்கள். ஒருநாள் மா என்றது, மறுநாள் சீத்தா என்றது. இரண்டும் கொடியில்லையே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் போனைத்தான் திட்டினேன். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். என் கணவர் கண்மூடிப் படுத்திருப்பார். நல்லவேளை, தூங்குகிறார் என்று கால் ஓசையில்லாமல் நகர்ந்துவிடுவேன்.

ஒரு சாயங்காலம் அந்த அக்கா வந்தார். செடியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இத எதுக்கு கட்டிப் போட்டிருக்கீங்க? ஓடியா போயிரும்?”

“கொடி ஏறணும்லக்கா?”

“கொடியா? இது மரம்ல! எங்க பேச்சுல சம்பங்கின்னா இதான். நீங்க செண்பகம்னு சொல்லுவீங்களே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ‘கொடி’ என்ற சொல்லை விட்டுவிட்டுக் கேட்டேன், அவர் தன் சொல்லுக்கான செடியைக் கொடுத்தார். யாரைக் குறை சொல்ல? செண்பகம் வளர்ந்து நிழல் தருவதற்குள் இந்தக் கோடையில் இந்த மனிதர் என்ன ஆவார்? போதாததற்கு, சுவரை ஒட்டி ஒரு மரம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கடப்பாரையைத் தூக்கிவிட்டேன். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, ரங்கூன் மல்லியே வரட்டும்.

முதல் குத்து விழுவதற்குள் அவர் கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

“ஏட்டி, அத என்ன செய்யப் போற?”

“புடுங்கப் போறேன். இது கொடி இல்லியாம், மரமாம். நீங்க ஏன் எந்திரிச்சு வந்தீங்க? போய்ப் படுங்க.”

“வேண்டாம். விட்ரு.”

“உங்க தூக்கத்துக்குத்தான் இம்புட்டுப் பாடும்!”

“நேத்து விட்ட குருத்து இன்னைக்குப் பத்து மணிவாக்குல விரிஞ்சிச்சு” என்றார், செடியைப் பார்த்துக்கொண்டே. “ஒரு அணில் வந்து ஒன் கயித்தப் புடிச்சுத் தொங்கிட்டுப் போச்சு. எனக்குப் பாக்கதுக்கு இது ஒண்ணுதான இருக்கு.”

“பத்து மணிக்கு நீங்க தூங்கிட்டுல்ல இருந்தீங்க?”

அவர் குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நான் விடவில்லை.

“நீ எட்டிப் பாக்கையில கண்ண மூடிக்கிடுவேன்.”

“எம்புட்டு நாளா?”

“நைட்டுக்குப் போட்டதுலேருந்தேதான்.”

முதலில் கோபம்தான் வந்தது. இப்படியா ஒரு மனிதர் நடிப்பார்! அது முழுசாக ஏறுவதற்குள் பயம் வந்துவிட்டது. அவர் உள்ளே விழித்துக் கிடக்க, கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக அந்த ஜன்னலடியில்தான் நான் நின்றிருக்கிறேன். தூக்கம் எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம், வெயில் ஏறும்வரை நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்லியிருக்கிறேன்.

கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய் அவர் போனை எடுத்து வந்தேன்.

“சூப்பர்வைசர்ட்டப் பேசுங்க. பகல் ஷிப்ட் கேளுங்க. இப்பவே.”

“அவிய தர மாட்டாவ.”

“நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?”

அந்த உச்சி வெயிலில் நின்று, போனைத் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு நம்பரைத் தேடினார். அந்தக் கண்கள் எப்படிச் சிவந்து கிடக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன்.