செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்திகள்

இன்று பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயிலில் பங்குப்பேரவைக் கூட்டம்.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் லட்சுமி அக்காவின் மகளுக்கு ஆபரேஷன். கோயில் நிதியிலிருந்து உதவலாமா என்பதுதான் பேச்சு.

சவரிநாதன் மாமா எழுந்தார். "நம்ம பங்குலயே, நம்ம கோயில் குடும்பங்கள்லயே, எத்தனையோ பேரு கஷ்டப்படறாங்க. அந்தம்மா ஞானஸ்நானமே வாங்கலியே!"

பல தலைகள் ஆடின.

அப்போது என் மனைவி ஸ்டெல்லா எழுந்தாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. செவ்வாய்தோறும் அந்தோணியார் சுரூபத்தடியில் உருகிக் கிடக்கும் மெழுகைச் சுரண்டி எடுப்பவள் அவள்தான்.

"மாமா, செவ்வாக்கெழம வந்து பாருங்க. மெழுகுவர்த்தி ஏத்துறதுல பாதிப் பேரு நம்ம பங்கு இல்ல. லட்சுமி அக்கா ஒரு வாரம் தவறுனதில்ல. அவங்க உண்டியல்ல போடறப்போ, 'நீங்க போடாதீங்கம்மா'ன்னு யாராச்சும் கையப் புடிச்சோமா?"

உதவலாம் என்று முதலில் கை தூக்கியது சவரிநாதன் மாமாதான். உதவி முடிவாயிற்று.

நானே பேசிவிட்டதுபோல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை உண்டியல் பக்கத்தில் நின்று, காசு போடுகிறவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கமென்டில் பெயர் கொடுக்கலாம்.