நீலாம்பாள் கேட்காத சன்னல்

தன் கணவனுக்கு உதயசூரியன் என்று பெயர் வைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்பாள் நீலாம்பாள். சூரியன் உதித்த பிறகுதான் அவன் வேலை முடிந்து வந்து பாயை விரிப்பான். ரங்கூனின் ஓரத்தில் ஷ்வேப்யிதாவில் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் தொழிற்சாலையில் அவனுக்கு நிரந்தரமாக இரவு வேலை. ஊர் விழித்து நடமாடும் நேரத்தில் அவன் தூங்கியாக வேண்டும்.

தூங்குவதற்கு வாய்த்த வீடு எப்படிப்பட்டது? மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடம். அதில் மேல் மாடி, தலைக்கு மேலே தகரக் கூரை. பங்குனி பிறந்தாலே காலை எட்டு மணிக்கே தகரம் சடசடவென்று வெடிக்கத் தொடங்கும். மின்விசிறி இருக்கிறது, மின்சாரம்தான் விருந்தாளி மாதிரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வடக்கே சின்ன பால்கனி ஒன்று. அதன் வழியாக வருகிற காற்று வெளியேற வழியில்லாமல் வாசலிலேயே நின்றுவிடும்.

வழி இல்லாமல் இல்லை. தெற்குச் சுவரில் பெரிய சன்னல் ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டடம் தாழ்வானது என்பதால் அந்தப் பக்கம் மறைப்பே கிடையாது. ஆனால் அந்தச் சன்னலைப் பலகை அடித்து மூடி, அதன்மேல் ஒரு மாடம் பொருத்தியிருந்தது. மாடத்தில் புத்தர் இருந்தார்.

வீட்டுக்காரி டோ ஓன் செய்ன் கீழ் மாடியில் தனியாக இருப்பவள், அறுபதைத் தாண்டியவள். அவளுடைய அம்மா கடைசிக் காலம் வரை மேல் வீட்டில் இருந்தார். புத்தரின் தலைக்கு மேல் எவர் காலும் நடக்கக் கூடாது, ஆகவே மாடம் மேல் மாடியில்தான் இருக்க வேண்டும், அதுவும் தெற்கில்தான் இருக்க வேண்டும் என்று அமைத்தது அந்த அம்மாதான். அவர் போன பிறகு வீடு வாடகைக்கு வந்தது. புத்தர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

நீலாம்பாள் சந்தையில் பூ விற்பவள். மல்லிகையோடு, பர்மியர்கள் புத்தருக்கு வைக்கும் தப்யே இலைக் கொத்தும் விற்பாள். தொழிற்சாலையில் வாய் கோணிப்போனது என்று கழித்துப்போட்ட பெரிய வாளியில் கொத்துகளை நிரப்பி, விடியும் முன்பே தரையோடு இழுத்துக்கொண்டு போய்ப் படியிறங்குவாள். குடிவந்த முதல் வாரம், மாடத்துச் சாடி வெறுமையாக இருப்பதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. நம்ம வீட்டு முருகன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இவரை மட்டும் வெறுமனே விடுவதா என்று, விற்று மிஞ்சிய தப்யேயை வைத்தாள். அன்று ஏதோ காரியமாக மேலே வந்த டோ ஓன் செய்ன் அதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டாள். போதாதா? அதன் பிறகு ஒரு நாள்கூட அந்தச் சாடி காலியாக இருந்ததில்லை. கிழவி மனம் நோகுமே என்று இவள் வைத்தாள், வைத்துக்கொண்டே இருந்தாள்.

பர்மியர்களிடம் 'ஆனாதே' என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவருக்குச் சங்கடமாகிவிடுமோ என்று கேட்க வேண்டியதையும் கேட்காமல் நாக்கை மடக்கிக்கொள்வது. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் வாழ்கிற தமிழருக்கு அந்த வியாதி சோற்றோடு ஒட்டிக்கொண்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற நம் பழமொழி என்ன ஆனதோ, தெரியாது.

சென்ற வாரம் உதயசூரியன் இயந்திரத்தின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான். சட்டைக் கையை உருளை இழுத்துவிட்டது. பக்கத்தில் நின்றவன் விசையை அணைத்ததால் கை தப்பியது, சட்டைதான் போனது. இன்னொரு முறை தூங்கினால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி ரிஹான் சொல்லிவிட்டான்.

"வூட்டுக்கார ஆன்ட்டிகிட்ட ஒரு வார்த்தை கேளு புள்ள," என்றான் அவன்.

"என்னண்டு கேக்குறது? உங்க சாமியத் தூக்கிட்டுப் போங்க, எங்களுக்குக் காத்து வேணும்ண்டா?"

"நீ வேற சாமி வச்சிருக்கவ. நீ சொன்னா அது தப்பாத்தான் இருக்கும்," என்று அவனும் ஒத்துக்கொண்டான். நல்ல ஜோடி!

ஆனாலும் மறுநாள் அவள் இறங்கிப் போனாள். கையில் ஒரு முழம் மல்லிகை. டோ ஓன் செய்ன் பக்கத்து வீட்டு மைமூனோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரியோடு பேச்சு எப்போதும் பர்மியத்தில்தான்.

"வா தமீ, உக்காரு," என்றாள் டோ ஓன் செய்ன். மகளே என்று அர்த்தம், வாய்நிறையச் சொல்வாள். "வீடு வசதியா இருக்கா?"

"ரொம்ப வசதி, ஆன்ட்டி."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அதைச் சரிசெய்ய வாயெடுப்பதற்குள் டோ ஓன் செய்ன் மைமூன் பக்கம் திரும்பி, "இவ இந்து. ஆனா எங்கம்மாவோட பயாவுக்கு ஒரு நாள் தவறாம இலை வைக்கிறா. பெத்த பொண்ணு நான்கூட இப்படிச் செய்யலை," என்றாள். பயா என்றால் புத்தர். மைமூன் நீலாம்பாளின் கையைப் பிடித்து மெச்சினாள். இதற்கு மேல் எந்த வாயால் கேட்பது? மல்லிகையைக் கொடுத்துவிட்டுத் தேநீரையும் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

மேலே வந்தவள் பாயைப் பார்த்தாள். ஆள் இல்லை. குளிக்கிற இடத்தில் இருந்தான். ஈரச் சிமெண்டுத் தரையில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, வேலைக்குப் போட்ட கால்சட்டையோடு உதயசூரியன் சுருண்டு கிடந்தான். தன்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அப்படியே தூங்கியிருக்கிறான். அதுவும் தூக்கமில்லை; இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவன் தன் வீட்டிலேயே படுக்க இடமில்லாமல் குளிக்கிற தரையில் கிடக்கிறானே என்று நீலாம்பாளுக்கு அழுகை பொங்கியது. அழுகையோடு கோபமும் வந்தது, முழுக்கத் தன்மேல்தான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன!

கண்ணைத் துடைக்காமலே திரும்பவும் படியிறங்கினாள். மைமூன் போய்விட்டிருந்தாள். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். போனால் தேநீர் கொடுப்பாள், குடித்தால் வாய் மூடிவிடும்.

"ஆன்ட்டி, நான் பொய் சொல்லிட்டேன். வீடு வசதியா இல்லை. அவரால தூங்க முடியலை. அன்னைக்குக் கையே போயிருக்கும். அந்தத் தெற்குச் சன்னலைத் திறக்கணும். பயாவைப் பக்கத்துச் சுவருக்கு மாத்திக்கலாம், இலை நான் எப்பவும் போல வைக்கிறேன். எங்களைக் காலி பண்ணச் சொன்னாலும் சரி, இதை நான் கேட்டுத்தான் ஆகணும்."

டோ ஓன் செய்ன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அடி தமீ... அந்தப் பயாவை மடத்துக்குக் கொடுத்துடணும்னு எங்கம்மா சாகும்போது சொன்னாங்க. நீ குடிவந்த வாரமே எடுத்துட்டுப் போகத்தான் நான் மேல வந்தேன். வந்து பார்த்தா நீ இலை வெச்சிருந்தே. இவ்வளவு பிரியமா வெச்சவகிட்டேருந்து எப்படி எடுத்துட்டுப் போறது? ஆனாதேயா இருந்தது. அம்மா சொன்ன சொல்லை இன்னும் நிறைவேத்தலையேன்னு ஒவ்வொரு விரத நாளும் அழுவேன்."

அன்று அந்தக் கண்கலங்கல் நன்றிக் கண்ணீர் என்று நீலாம்பாள் நினைத்தாளே! இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதித்தே வதைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் வெந்தது உதயசூரியன்.

பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் ஒரு நல்ல காலையில் புத்தர் புறப்பட்டார். சுமந்தவன் உதயசூரியன். குளித்து, கைகளில் வெள்ளைத் துண்டை விரித்து, சிலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வெறுங்காலோடு படியிறங்கினான். பின்னால் டோ ஓன் செய்ன் குடை பிடித்து வந்தாள். நீலாம்பாள் தப்யேக் கொத்தோடு மடம் வரை நடந்தாள். சிலையை இறக்கி வைத்ததும் டோ ஓன் செய்ன் "அம்மா, கொடுத்துட்டேன்" என்று தரையில் நெற்றியை வைத்து அழுதாள். கூட நின்ற இவள் தப்யேக் கொத்தைச் சிலையின் முன்னால் வைத்தாள்.

வீடு திரும்பியதும் மாடத்தை இறக்கிப் பலகைகளைப் பெயர்த்தார்கள். பழைய தூசி கொட்டியது. அதன் பின்னாலேயே தெற்குக் காற்று வந்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டி படபடத்தது. தும்மிக்கொண்டே பாயை விரித்த உதயசூரியன், மற்ற இருவரும் பலகையை அள்ளிக் கட்டி முடிப்பதற்குள் குறட்டை விட்டான். நீலாம்பாள் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வாசல்வரை போன டோ ஓன் செய்ன் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள். "வேற ஏதாவது குறை இருக்கா தமீ?"

"ஒன்னுமி..." என்று தொடங்கிய நீலாம்பாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குழாய் ஒழுகுது, ஆன்ட்டி."

"நாளைக்கே ஆள் அனுப்பறேன்." கிழவி போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். "எனக்கும் ஒன்னு இருக்கு. சொன்னா தப்பா நினைக்க மாட்டியே?"

"சொல்லுங்க ஆன்ட்டி."

"விடியறதுக்கு முன்னாடி நீ அந்த வாளியை இழுத்துட்டுப் போவியே, அது சரியா என் கட்டிலுக்கு மேலதான் போகுது. நீ குடிவந்த நாளிலிருந்து நானும் நல்லாத் தூங்கினதில்லை."

மறுநாள் விடியற்காலையில் நீலாம்பாள் தண்ணீரும் இலையும் தளும்பத் தளும்ப இருந்த வாளியை இடுப்பில் ஏந்திக்கொண்டு, மூச்சுப் பிடித்து, அடிமேல் அடி வைத்து வாசல்வரை நடந்தாள். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கீழ் வீட்டைக் கடக்கும்போது மட்டும் சற்று நின்று காது கொடுத்தாள். உள்ளே டோ ஓன் செய்ன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.