சாமி அறையில் வந்த புள்ளிக் கோடு

1. பீம் எங்கே?

சரோஜா அக்கா எங்கள் ஆபீஸுக்கு முதன்முறையாக வந்த அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை. சுருட்டிக் கொண்டுவந்த ப்ளானை என் மேஜையில் விரித்தார். அது மறுபடி சுருண்டுகொள்ளாமல் இருக்க என் டீ டம்ளரை ஒரு மூலையிலும் தன் கைப்பையை இன்னொரு மூலையிலும் வைத்தார்.

“பீம் எங்க மேடம்?”

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆர்க்கிடெக்ட் நாகராஜ் சார்தான் முதலாளி. கட்டப் போகிற வீட்டைக் கம்ப்யூட்டரில் முழு மாடலாகச் செய்து, அதிலிருந்து ப்ளான் எடுத்துக் கொடுப்பது என் வேலை. மாடலிங் டிபார்ட்மென்ட் என்று கதவில் பலகை உண்டு. உள்ளே நான் மட்டும்தான்.

சரோஜா அக்காவின் கணவர் முனிரத்தினம் ஒக்கலிபுரத்தில் ஷாமியானா பந்தல் வாடகைக்கு விடுகிறவர். பழைய வீட்டை இடித்துவிட்டுக் கீழும் மேலுமாகப் புது வீடு கட்டப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை பூமி பூஜை.

“பீம் மேல கூரையைத் தாங்கிட்டு இருக்குங்க அக்கா. இது தரைத்தள ப்ளான். இதுல தெரியாது” என்றேன்.

“தெரியலன்னா கட்டில எங்க போடுறது? எங்க அண்ணன் ஓசூர்ல வீடு கட்டுச்சு. கட்டிலுக்கு நேரா மேல பீமு. படுத்த அன்னிலேருந்து தலவலி.”

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“காட்டினோம். அவரு பிரஷருங்கிறாரு. பீமுதான்னு எங்களுக்குத் தெரியாதா?”

முனிரத்தினம் பின்னால் நின்று தலையாட்டினார். சரோஜா அக்கா ப்ளானைச் சுருட்டினார்.

“வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி பீம காட்டுங்க. இல்லன்னா பொம்மசந்திராவுல எங்க சித்தப்பா பையன் இன்ஜினியரு. அவன்கிட்ட போயிடுவோம்.”

அந்த மாதம் எங்களிடம் இருந்த ஒரே பெரிய வேலை இந்த வீடுதான். நாகராஜ் சார் அவர்களைப் படி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். முகத்தில் வியர்வை.

2. வாசல் இல்லாத வீடு

ப்ளான் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் வீட்டை நாலடி உயரத்தில் குறுக்கே வெட்டுகிறது. மேல் பகுதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. மிச்சத்தை மேலே இருந்து குனிந்து பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் சுவர் தெரியும், கதவு தெரியும், ஜன்னல் தெரியும். பீம் தூக்கிப் போட்ட பாதியோடு போய்விடும். பீம் வேண்டுமென்றால் நாமாகச் சொல்லி வரவழைக்க வேண்டும். அதை விட்டு விட்டுப் போகும் புள்ளிக் கோடாகப் போடுவது வழக்கம். ‘இது தலைக்கு மேலே இருக்கிறது’ என்று அதற்கு அர்த்தம்.

பீமை மட்டும் வடிகட்டி எடுத்துப் போட எனக்கு ஒரு மத்தியானம் தேவைப்பட்டிருக்கும். நாகராஜ் சாருக்கு அந்தப் பொறுமை இல்லை.

“ஏன் கஷ்ட? வெட்டுற உயரத்தையே மேல ஏத்தும்மா. பீம் கிட்ட வெட்டு. தானே காணத்தே, தெரியும்.”

பதற்றம் வந்தால் அவர் பேச்சில் கன்னடம் கூடிவிடும். “சார், அப்படிப் பண்ணா...” என்று ஆரம்பித்தேன். “மாடும்மா, பண்ணு” என்றார். பண்ணினேன்.

பீம் வந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் போய்விட்டன. எட்டடிக்கு மேல் வெட்டினால் அங்கே வெறும் சுவர்தான். திரையில் நாலு பக்கமும் அடைத்த பெட்டிகளாக அறைகள் இருந்தன. ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இல்லை. தெருவிலிருந்து உள்ளே வரவும் வழி இல்லை.

நாகராஜ் சார் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“திருடன் வரமாட்டான்” என்றார்.

வெட்டைப் பழையபடி நாலடிக்கே இறக்கினேன். பிறகு அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. சாஃப்ட்வேரில் அண்டர்லே என்று ஒரு வசதி உண்டு. மேல் தளத்தை, அதைத் தாங்கும் பீமோடு, அப்படியே கீழ்த்தள ப்ளானில் நிழல் மாதிரி சேர்த்துக் காட்டும். “அத ஆன் மாடும்மா, எல்லாக் கோட்டையும் டாட்டட் பண்ணிடு. மேல இருக்கறது எல்லாம் காட்டு. அந்த அம்மா பீம் கேட்டாங்க, நாம பூரா கொடுக்கணும்” என்றார். சொல்லிக்கொண்டே ப்ரின்டருக்குப் பேப்பர் போடப் போய்விட்டார். அச்சு வந்ததும் சூடு ஆறுவதற்குள் சுருட்டி ரப்பர் பேண்டும் மாட்டிவிட்டார். நாங்கள் இரண்டு பேருமே அதை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

3. கயிறு

மறுநாள் இருவரும் வந்தார்கள். நாகராஜ் சார் கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல இரண்டு கையாலும் ப்ளானை நீட்டினார்.

முதலில் பார்த்தது முனிரத்தினம். முகம் மலர்ந்தது.

“இந்தப் புள்ளிக் கோடெல்லாம் இன்னாங்க, கயிறா? வீட்டுக்கு மேல ஷாமியானா போடப் போறீங்களா? அத எங்க கடையிலேருந்தே எடுத்துக்கலாமே.”

“அது பீம் சார். மேல இருக்கறது” என்றேன்.

சரோஜா அக்கா விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஹால், சமையலறை, படுக்கையறை. விரல் வடகிழக்கு மூலைக்கு வந்து நின்றது. அங்கே சாமி அறை. சாமி மேடைக்கு நடுவில், புள்ளிக் கோட்டில், முட்டை வடிவத்தில் ஒன்று தெரிந்தது. அதற்குப் பின்னால் சதுரமாக ஒரு தொட்டி. பக்கத்தில் சின்னதாக ஒரு வாஷ்பேசின்.

“இது இன்னாது?”

கீழே பேக்கரியில் பன் எடுக்கும் தட்டு விழுந்த சத்தம் கேட்டது.

“மேடம். சாமி ரூம்ல கக்கூஸ் போட்டிருக்கீங்களா?”

“ஐயோ, இல்லம்மா!” நாகராஜ் சார் குறுக்கே பாய்ந்தார். “அது சாமி ரூம்ல இல்ல. ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல இருக்கு. சாமி ரூமுக்கு நேரா மேல, அஷ்டே, அவ்ளோதான்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. வாய் திறந்தபடியே என்னைப் பார்த்தார். நான் ப்ளானைப் பார்த்தேன்.

உண்மைதான். மாடி பாத்ரூம் சாமி அறைக்கு நேர் மேலேதான் இருந்தது. கீழ்த்தளத்துக்கு ஒரு ஷீட், மேல்தளத்துக்கு ஒரு ஷீட். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துச் சரி என்று சொன்னவர்கள் நாங்கள், வாஸ்து பார்த்தவர், முனிரத்தினம், எல்லோரும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

“சாமி தல மேலயா?” என்றார் சரோஜா அக்கா மெதுவாக. அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

முனிரத்தினம் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “நடுவுல காங்கிரீட்டு இருக்குல்ல...”

“நீ சும்மா இரு.”

4. கேரம்

பாத்ரூமை நகர்த்துவதென்றால் போக ஒரே இடம்தான் இருந்தது. கீழ்த்தள பாத்ரூமுக்கு நேர் மேலே. பைப்பும் நேராக இறங்கும். ஆனால் அங்கே முனிரத்தினம் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய கேரம் அறை இருந்தது. வேலையை விடாமல் காப்பாற்றிவிட வேண்டும் என்று நான் அப்போதே, அவர்கள் கண்ணெதிரிலேயே, இரண்டையும் இடம் மாற்றிக் காட்டினேன். பாத்ரூம் அந்தப் பக்கம் போனது. கேரம் இந்தப் பக்கம் வந்தது.

“அப்ப சாமி தல மேல கேரமா?” என்றார் முனிரத்தினம் கவலையாக.

சரோஜா அக்கா நிஜமாகவே யோசித்தார்.

“ஆடட்டும். ஆனா ஸ்ட்ரைக்கர ஓங்கி அடிக்கக் கூடாது.”

பிறகு அவர்களை ஒரு மத்தியானம் காக்க வைத்து, அண்டர்லேயை அணைத்துவிட்டு, பீமை மட்டும் வடிகட்டிப் புள்ளிக் கோடாக்கிக் கொடுத்தேன். படுக்கையறையில் பீம் சரியாகக் கட்டிலை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. கட்டிலைக் கிழக்குச் சுவருக்குத் தள்ளினோம். அக்கா கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, “நல்லவேள, நீங்க கக்கூஸ காட்டினீங்க. வேற யாரும் காட்டியிருக்க மாட்டாங்க” என்றார். நாகராஜ் சார் அந்தப் பாராட்டைத் தானே எழுந்து வாங்கிக்கொண்டார். “நம்ம ஆபீஸ்ல மேல இருக்கறது எல்லாம் காட்டுவோம்மா. அதுதான் நம்ம பாலிசி” என்றார்.

5. கிரகப்பிரவேசம்

வீடு முடிந்து விழாவுக்குப் போனேன். படுக்கையறையில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். பீம் அதற்குள் மறைந்துவிட்டது. கூரை தட்டையாக, அழகாக இருந்தது. கீழே பார்த்தேன். பளபளக்கும் புது டைல்ஸ் மேல் கோலமாவில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்திருந்தார்கள். கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி. அளவு பிசகவில்லை.

“இது என்னக்கா?”

“மேல பீமு மேடம். சீலிங் போட்டு மூடிட்டாங்க. ராத்திரி தங்குற சனம் தெரியாம படுத்துட்டா?”

அதற்குள் சொந்தக்காரர்கள் பாய் விரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பாய்கூடக் கோட்டைத் தொடவில்லை. ஒரு பெரியவர் உருண்டு படுத்ததில் கால் கோட்டுக்கு உள்ளே போய்விட்டது. பக்கத்தில் இருந்த அம்மா அந்தக் காலைத் தூக்கி வெளியே வைத்தார்.

இத்தனை வருஷத்தில் நான் போட்ட எந்தப் புள்ளிக் கோட்டையும் இன்ஜினியரோ கான்ட்ராக்டரோ இவ்வளவு மரியாதையோடு படித்து நான் பார்த்ததில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். தலைக்கு மேலே இருப்பதைக் கேட்காமலேயே காட்டிவிடுங்கள். ஆனால் வாடிக்கையாளருக்குக் காட்டும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.