படத்தின் பின்னால் நின்றவர்கள்

பொங்கல் கழிந்து மறுபடி போனபோது, செஞ்சிக் கோட்டை வாசலில் ஒருவர் என்னை மறித்தார். தாடி மண்டிய முகம்.

"காணும் பொங்கலுக்கு வந்தீங்களா சார்? எடுத்த போட்டோ இருந்தா காட்டுங்க."

அன்று பச்சைச் சுடிதாரில் மலையேறிய அவர் மகள் வீடு திரும்பவில்லையாம்.

போனைக் கொடுத்தேன். என் குடும்பம் கரும்பு கடித்துச் சிரிப்பதை அவர் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு படத்திலும் பின்னால் நின்ற கூட்டத்தையே இரு விரலால் பெரிதாக்கினார். ஒன்றில் பச்சைச் சுடிதார் ஒன்று படியிறங்கியது. முதுகு மட்டும் தெரிந்தது.

"மலை மேல சுனையில உழுந்துடுச்சுன்றாங்க சார். பாருங்க, கீழ எறங்கிப் போவுது."

"உங்க பொண்ணுதானா?"

அவர் அந்த முதுகை இன்னும் பெரிதாக்கினார். "இத அழிச்சிடாதீங்க சார்" என்று மட்டும் சொல்லிப் போனைத் தந்தார்.

நான் இன்னும் அழிக்கவில்லை. ஆனால் அவர் அப்போதே அடுத்து வந்தவரை மறித்துவிட்டார்.

"காணும் பொங்கலுக்கு வந்தீங்களா சார்?"