அத்தை இழுத்தடித்த கல்யாணம்

அத்தை முத்தம்மா காலமான செய்தி, ஈப்போவில் நான் வேலை செய்யும் வக்கீல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் எங்கள் ரப்பர் தோட்டத்து அலுவலகக் கிராணி. "ஒங்க மாமியாரு தவறிட்டாங்கம்மா. சேகர் ஒங்கள உடனே வரச் சொன்னாரு" என்றார். செமோர் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்கு அழுகை வரவில்லை. மருமகள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று துக்க வீட்டில் பேசிக்கொண்டவர்களுக்கும், அத்தையை அறிந்த மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் பதிவுத் திருமணம். தாலி பிறகு, நல்ல நாள் பார்த்து. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கும் சேகருக்கும் ஈப்போவில் பதிவு முடிந்தபோது, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்றுதான் பேச்சு. அத்தை அதை இழுத்தார். மண்டபத்தின் படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது என்றார். கூரைப்புடவையின் நிறம் ஆகாது என்றார். பிறகு, லூமுட்டில் ஒரு பெரியப்பா இறந்துவிட்டதால் வருடம் திரும்பும்வரை நல்ல காரியம் கூடாது என்றார். அந்தப் பெரியப்பாவைச் சேகரே பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, மனிதர் முதலில் காய்ச்சலில் இறந்திருந்தார். மறுபடி விசாரித்தபோது கடலில் மூழ்கி இறந்திருந்தார். அச்சடித்த பத்திரிகைகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தன.

என் நிலைமையோ சிரிக்கும்படியாக இல்லை. சட்டத்துக்கு நான் மனைவி, தெருவுக்குக் கல்யாணமாகாத பெண். சேகரோடு படம் பார்க்கப் போக அம்மா விடமாட்டார். "மொதல்ல தாலி ஏறட்டும்" என்பார். வேண்டாம் என்று உதறிவிடலாமென்றால் அதற்கு விவாகரத்து வாங்க வேண்டும். அந்த மனுக்களை அலுவலகத்தில் தட்டச்சு செய்பவளே நான்தான். வாழப் போகாமலே வாழாவெட்டியான பெண்ணை ஊர் என்ன பேசும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அத்தையை நான் மனதார வெறுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லாமல் தோட்டத்துக்குப் போனேன். அத்தை, தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டின் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"வா, உக்காரு. கோப்பி கலக்கவா?"

"கோப்பி வேணாம் அத்தை. கல்யாணம் வேணும்."

கோடரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "வாயிருந்தா நேரா கேளு" என்று எல்லாரிடமும் சொல்பவர் அவர். நான் நேராகக் கேட்டதால் அவரும் நேராகவே சொன்னார்.

"கல்யாணம் முடிஞ்சதும் அவன ஈப்போக்கு கூட்டிட்டுப் போயிடுவ. தோட்டத்து வேலைய விட்டான்னா இந்த வீட்ட ஆபீஸ்ல திருப்பிக் கேப்பாங்க. மாமா செத்தப்ப நான் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கிட்டு இருந்தேன், வீடு தங்குச்சு. இப்ப வயசாச்சுன்னு என்னை நிப்பாட்டிட்டாங்க. வீடு சேகரு பேருலதான் இருக்கு. நான் எங்க போறது? நீயே சொல்லு."

"எங்களோட வாங்க."

"நீங்க எடுக்கப்போறது ஒரே ரூம். புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு நடுவுல நான் எங்க படுக்கிறது?"

ஒரு வழியும் அவரே சொன்னார்: "நான் இருக்குற வரைக்கும் அவன் இங்க இருக்கட்டும். நீ சரின்னு சொல்லு, வர்ற முகூர்த்தத்துலயே தாலி கட்டச் சொல்றேன்." சேகரைக் கேட்டுப் பயனில்லை. அம்மா சொன்னால் சரிதான் என்பது அவருடைய நிரந்தரப் பதில்.

என் அப்பா தோட்டத்தில் பிறந்து, படாத பாடு பட்டு எங்களை டவுனுக்குக் கொண்டுவந்தவர். நான் லயத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் என்னிடம் கேட்டது. நான் அத்தையிடம் சரி என்றேன். தாலி ஏறியது. மண்டபத்தில் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு விடியுமுன் எழுந்து பேருந்து பிடிப்பதும், இருட்டியபின் லயத்துக்குத் திரும்புவதுமாக வருடங்கள் போயின. அத்தை இருமினால்கூட, இன்னும் எத்தனை நாள் என்று மனம் கேட்டுவிடும். அப்படிக் கேட்கிற மனதோடு ஒரே வீட்டில் அவருக்குச் சோறு போடுவது பெரிய கொடுமை.

ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா, "டவுனுக்காரி, நம்மளோட சேரமாட்டா" என்று என் காதில் விழும்படி சொன்னார். அத்தை வாளியை இறக்கி வைத்தார். "அவ என்னாலதான் இங்க மாட்டிக்கிட்டு இருக்கா. அவள நான் ஏசுவேன். நீ ஏசாத." வீட்டுக்கு வந்ததும் சொன்னபடியே ஏசினார், குழம்பில் உப்பு கூடிப்போனதற்காக.

கருமாதி முடிந்த அன்று சேகர் சொன்னார்: "இனிமே ஈப்போக்கு போலாம். ஒன்ன யாரு தடுக்கப் போறா?" அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வயிறு வலிக்கும்வரை அழுதேன்.

ஈப்போவில் சிறிய வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். அதை என் பெயரில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சேகரின் முகம் சுருங்கியது.

"எதுக்குலா? நான் என்ன ஒன்ன வெளிய போகச் சொல்லவா போறேன்?"

"ஒங்கம்மாவயும் யாரும் போகச் சொல்லலியே" என்றேன்.

அத்தை எனக்கு விட்டுப்போனது, எங்கே போவது என்ற அந்தப் பயத்தைத்தான். அதை நான் பத்திரமாக வைத்திருப்பேன். என் மகன் இப்போதுதான் பாலர் பள்ளிக்குப் போகிறான். நாளைக்கு அவனைக் கட்டிக்கொள்ள ஒரு பெண் வருவாள். எனக்குப் படுக்க இடம் வேண்டுமே என்று நான் அவளை வாசலில் நிறுத்தி வைக்கக் கூடாது.