மகளுக்குக் காய்ச்சிய சரக்குக்கறி

சொல்ல வெட்கம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மெல்பேர்ன் போயிருந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் சீரகமும் அரைத்துச் சரக்குக்கறி காய்ச்ச அன்றே பிடித்த உடன்மீன் வேண்டும். என் கையாலேயே பிடித்து வருவேன் என்று பெருமையடித்துவிட்டு, அங்கே வசந்தகாலமான செப்டெம்பரில் மருமகனோடு ஏரிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பவளமும் வந்தாள்.

அவள் தூண்டிலில் வரி போட்ட ரெட்ஃபின் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. எனக்கு ஒன்றுமில்லை.

“மாமி, மீனுக்கும் ஆள் தெரியுது போல!” என்று மருமகன் சிரித்தார்.

வயிறு எரிந்தது. அவர்கள் தேத்தண்ணீர் ஊற்றப் போன நேரம், தண்ணீருக்குள் கிடந்த பவளத்தின் மீன்சாக்கை அவிழ்த்துவிட்டேன். அத்தனை மீனும் ஓடிவிட்டது.

திரும்பி வந்த பவளம் வெறும் சாக்கைப் பார்த்தாள். நனைந்திருந்த என் சேலைத் தலைப்பையும் பார்த்தாள். பொழுதுபடும்வரை நின்று இன்னொரு மீன் பிடித்து, மருமகன் காருக்குப் போன நேரம் என் கையில் வைத்தாள்.

“அக்கா, நீங்கள் பிடிச்சதெண்டே மகளிட்டச் சொல்லுங்கோ.”

அப்படியே சொன்னேன்.

“அம்மா பிடிச்ச மீனெல்லோ, அதுதான் இந்த ருசி” என்று மகள் சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

அந்தப் பொய்யை நான் இன்றுவரை திருத்தவில்லை. பவளமும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த மனதுக்காகவும் எனக்கு அவள்மேல் பொறாமைதான்.